மூச்சின் கணக்கை அளந்த மேதை ஏ. வி. ஹில்

ஓட்டப் பந்தயத்திலே முதலாவதாக வந்தவனைத் தோளிலே தூக்கிக் கொண்டாடுதல் எங்கும் உள்ள வழக்கம். ஆயின், அவன் உடல் அவ்வோட்டத்துக்கு வேண்டிய ஆற்றலை எங்கிருந்து பெற்றது, எந்த வேகம் வரை அவன் தளர்வின்றி ஓட வல்லவன், எந்த வேகத்துக்கு அப்பால் அவன் கால்கள் கனக்கத் தொடங்குகின்றன என்னும் வினாக்களை எழுப்புவோர் மிகச் சிலரே. அவ்வினாக்களை எழுப்பியதோடு அமையாது, தம் உடலையே ஆராய்ச்சிக் கருவியாக்கி விடை தேடியவருள் தலையாயவர் ஆர்ச்சிபோல்ட் விவியன் ஹில் என்னும் ஆங்கில நாட்டு அறிஞர். அவர்தம் வாழ்க்கையைச் சுருக்கமாக இம்மலரிலே கூற முற்படுகின்றோம்.

தமிழ் கற்பிக்கும் நாம் உடற்றொழிலியல் அறிஞர் ஒருவரின் சரிதத்தை எழுதப் புகுந்தது ஏன் எனச் சிலர் வினவலாம். பலாங்கொடையைச் சூழ்ந்த மலைத் தோட்டங்களிலிருந்து ஏற்றமும் இறக்கமுமான பாதைகளிலே நடந்து வந்து கல்வி பயிலும் பிள்ளைகளை நாம் நாள்தோறும் காண்கின்றோம். இல்ல விளையாட்டுப் போட்டியிலே 800 மீற்றர், 1500 மீற்றர் ஓட்டங்களுக்கு அவர்கள் ஆர்வத்தோடு முன்வருகின்றனர். முதற் சுற்றிலே மானெனப் பாய்கின்றனர். இறுதிச் சுற்றிலே கல்லைக் கட்டியதுபோலத் தள்ளாடுகின்றனர். அதனைக் கண்ட பெரியோர் சிலர் மன உறுதி இல்லை என்கின்றனர். சிலர் சோம்பல் என்கின்றனர். பிள்ளையும் அப்பழியை நம்பி, ஓட்டத்தையே கைவிடுகின்றான். அப்பழி நீதியானதா என்பதை அறிய விரும்புவோர்க்கு ஹில் அவர்களின் வாழ்க்கை நல்லதொரு விளக்காகும்.

ஹில் 1886 ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதம் 26 ஆம் நாள் பிரிஸ்ரல் நகரிலே பிறந்தார். தந்தையார் மர வணிகர். குழந்தைக்கு ஏறத்தாழ மூன்று வயதாகும்போதே அவர் குடும்பத்தை விட்டு நீங்கினார். எனவே மகனையும் மகளையும் வளர்த்து ஆளாக்கும் பொறுப்பு முழுவதும் அன்னையார் மீதே விழுந்தது. அவ்வன்னையாரே மகனுக்கு முதலாசிரியருமாயினார். பின்னர் ரிவேர்ட்டன் என்னும் ஊரிலுள்ள புளுண்டெல் பாடசாலையிலும், அதன்பின் கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்துத் திரினிற்றிக் கல்லூரியிலும் உதவிப் பணம் பெற்றே அவர் கல்வி பயின்றார். தாயின் உழைப்பாலும் தம் முயற்சியாலும் உயர்ந்தவர் அவர் என்பதை எம் மாணவர் சிறப்பாக மனங்கொள்ளுதல் வேண்டும். அவர் சகோதரியாரும் பிற்காலத்தில் உயிர் இரசாயனவியல் அறிஞராய் விளங்கினார்.

கேம்பிறிட்ஜில் ஹில் முதலிற் பயின்றது கணிதம். 1907 ஆம் ஆண்டுக் கணிதச் சிறப்புத் தேர்விலே மூன்றாம் இடத்தைப் பெற்றார். கணிதத்திற் பெரும்புகழ் ஈட்டக்கூடிய அவ்விளைஞர், தம் ஆசிரியராகிய வால்ற்றர் மோர்லி பிளெச்சரின் தூண்டுதலினால் உடற்றொழிலியலின்பாற் திரும்பினார். அவ்வாண்டிலேதான் பிளெச்சரும் ஹொப்கின்சும் தவளையின் தசையை ஆராய்ந்து, தசை உழைத்துக் களைக்கும்போது இலற்றிக்கமிலம் சேர்கின்றது என்பதையும், ஒட்சிசன் கிடைக்கும்போது அவ்வமிலம் நீங்குகின்றது என்பதையும் ஐயத்துக்கு இடமின்றி நிறுவியிருந்தனர். இது நடந்த ஈராண்டின் பின், பேராசிரியர் லாங்லி தசையின் உழைப்பையும் அதிற் பிறக்கும் வெப்பத்தையும் ஆராயுமாறு ஹில்லுக்கு அறிவுரை கூறினார். ஒரு கடிதத்திலே தரப்பட்ட அவ்வறிவுரையே அவரது ஐம்பதாண்டுக்கு மேற்பட்ட ஆராய்ச்சி வாழ்வின் வித்தாயிற்று.

தசை ஒருமுறை சுருங்கும்போது அதன் வெப்பநிலை ஒரு பாகையின் ஆயிரத்திற் சில கூறுகளே உயரும். அதுவும் கண்ணிமைக்கும் பொழுதில் நிகழ்ந்து முடியும். அத்துணை நுண்ணிய மாற்றத்தை அளத்தற்குக் கணித அறிவும் பொறியியல் நுட்பமும் எல்லையற்ற பொறுமையும் வேண்டும். இம்மூன்றும் ஹில்லிடம் ஒருங்கே அமைந்திருந்தன. அவர் கண்ட உண்மை இது: தசை சுருங்கும்போது ஒரு வெப்பமும், சுருங்கி முடிந்தபின் மெல்ல மெல்ல வேறொரு வெப்பமும் பிறக்கின்றன. முதலாவது வெப்பத்துக்கு ஒட்சிசன் தேவையில்லை. இரண்டாவதற்கு ஒட்சிசன் இன்றியமையாதது. அஃதாவது, தசை முதலில் உழைத்துவிட்டுப் பின்னரே மூச்சினாற் கணக்குத் தீர்க்கின்றது. இவ்வாராய்ச்சிக்காகவே 1922 ஆம் ஆண்டுக்குரிய மருத்துவ நோபெல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. தசையில் ஒட்சிசன் செலவுக்கும் இலற்றிக்கமிலத்துக்கும் உள்ள தொடர்பைக் கண்ட ஜேர்மனிய அறிஞர் ஒட்டோ மயர்கோவ் அப்பரிசைப் பகிர்ந்துகொண்டார். முதல் உலகப் போர் முடிந்து ஆறாத புண்ணோடு இரு நாடுகளும் நின்ற காலத்தில், போர்க்களத்தின் இரு பக்கத்து அறிஞர் ஒரே பரிசைப் பெற்றமை எண்ணி மகிழத்தக்கது.

போர்க்காலத்தில் ஹில் இராணுவத்திலே கப்டன் பதவி வகித்து, வான்கலங்களை நோக்கிச் சுடும் பீரங்கிகளின் குறியைத் திருத்தும் கணித ஆராய்ச்சிக்குத் தலைமை தாங்கினார். போரின் பின், 1920 இல் மான்செஸ்ரர்ப் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். 1923 இல் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரிக்குச் சென்றார். இளமை முதலே ஓட்டத்தில் விருப்புடையவராதலின், தவளைத் தசையிற் கண்ட உண்மை ஓடும் மனிதனுக்கும் பொருந்துமா என்பதை அறிய அவர் உள்ளம் அவாவியது. அதற்கு வேறெவரையும் தேடாது தாமே ஓடினார்.

மான்செஸ்ரரிலே ஒரு புற்றரையில் ஏறத்தாழ 85 மீற்றர்ச் சுற்றளவுடைய வட்டப் பாதை அமைக்கப்பட்டது. முதுகிலே பெரியதொரு காற்றுப் பையைச் சுமந்து, வாயிலே குழாயைக் கவ்வி, வெளிவிடும் மூச்செல்லாம் பையிற் சேருமாறு செய்து, குறித்த வேகத்தில் நிமிடக்கணக்காக அவர் அவ்வட்டத்தைச் சுற்றினார். பையிற் சேர்ந்த காற்றைப் பகுத்துப் பார்த்து, உடல் எவ்வளவு ஒட்சிசனை எடுத்துக்கொண்டது என்பதை அவரும் அவருடைய துணைவர் லப்ரன் என்பாரும் கணித்தனர். அப்பொழுது ஹில்லுக்கு வயது முப்பத்தைந்துக்கு மேல். நோபெல் பரிசுக்குரியவர் என உலகம் மதித்த பேராசிரியர். அவர் பையும் குழாயுமாகப் புற்றரையைச் சுற்றிய காட்சி கண்டோர்க்கு நகைப்பையும் விளைத்திருக்கலாம். உண்மையை நாடுவோர்க்கு அத்தகைய நகைப்பு ஒரு பொருட்டன்று.

1923 இல் வெளியான அவ்வாராய்ச்சியின் முடிபுகளைச் சுருக்கிக் கூறுவாம். மெதுவாக ஓடும்போது, சில நிமிடங்களில் உடலின் ஒட்சிசன் வரவும் செலவும் ஒத்து ஒரு சமநிலை எய்துகின்றது. வேகம் கூடக்கூட ஒட்சிசன் வரவும் கூடுகின்றது. ஆயின் அதற்கும் ஓர் உச்சம் உண்டு. ஹில்லின் உடலில் அவ்வுச்சம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 4 இலீற்றர். அதற்குமேல் எத்துணை விரைந்து ஓடினும் இதயமும் நுரையீரலும் கூடுதலாக ஈய மாட்டா. அப்பால் வேண்டிய ஆற்றலைத் தசை கடனாகவே பெறுதல் வேண்டும். இதற்கு ஒட்சிசன் கடன் என அவர் பெயரிட்டார். தோட்டத்துக் கடையிலே பற்று எழுதிச் சாமான் வாங்கி, சம்பள நாளிலே தீர்க்கும் வழக்கத்தை அறிந்த எமக்கு இவ்வுவமை எளிதில் விளங்கும். ஓட்டம் முடிந்த பின்னும் வீரன் நெடுநேரம் மூச்சு வாங்குவது அக்கடனைத் தீர்த்தற்கே என அவர் விளக்கினார். கடனுக்கும் ஓர் எல்லை உண்டு. முதற் சுற்றிலேயே கடன் முழுவதையும் வாங்கிவிட்டவன் இறுதிச் சுற்றிலே வெறுங்கையனாய் நிற்பதன்றி வேறென் செய்வான்? அவனைச் சோம்பேறி எனல் அறியாமையேயாம்.

ஹில் இதனோடு அமைந்தாரல்லர். 1925 இல், அந்நாளைய உலக சாதனைகளையெல்லாம் திரட்டி, ஓடிய நேரத்துக்கும் சராசரி வேகத்துக்கும் உள்ள தொடர்பை வளைகோடாக வரைந்து காட்டினார். நேரம் நீளும்போது வேகம் முதலில் விரைந்து வீழ்ந்து, பின் மெல்லத் தணிந்து, ஏறத்தாழச் சமமாகச் செல்லும் அக்கோடு, உடலின் கடனையும் வரவையும் ஒருங்கே காட்டும் ஓவியமாக அமைந்தது. 1927 இல் அமெரிக்காவிலுள்ள கோர்ணல் பல்கலைக்கழகம் அவரை விரிவுரையாற்ற அழைத்தது. அங்கே மாணவ ஓட்டவீரரின் உடலிலே காந்தமூட்டிய உருக்குத் தகட்டைக் கட்டி, ஓடுபாதையின் அருகே கம்பிச் சுருள்களை நிறுத்தி, வீரன் ஒவ்வொரு சுருளையும் கடக்கும்போது எழும் மின்னோட்டத்தைக் கொண்டு அவனது வேகத்தை நுட்பமாக அளந்தார். இவ்வாறு விளையாட்டுத் திடலே அவருக்கு ஆய்வுகூடமாயிற்று; மாணவரே ஆராய்ச்சித் துணைவராயினர்.

இனி, ஹில்லின் பெருமையை உள்ளவாறு உணர்த்தும் நிகழ்ச்சியைக் கூறுவாம். தசை சுருங்குதற்கு இலற்றிக்கமிலமே காரணம் என்பது அக்காலத்தில் அவரும் மயர்கோவும் ஏற்று வளர்த்த கொள்கை. 1930 இல் டென்மார்க்கு நாட்டு இளைஞர் லுண்ட்ஸ்கார்ட் என்பவர், இலற்றிக்கமிலம் உண்டாகாதவாறு நஞ்சூட்டப்பட்ட தசையும் சிலகாலம் சுருங்குகின்றது என்பதைக் காட்டினார். பரிசு பெற்ற கொள்கையின் ஒரு தூண் சரிந்தது. வேறொருவராயின் தம் புகழைக் காத்தற்கு வாதாடியிருப்பர். ஹில்லோ 1932 இல் தாமே கட்டுரை எழுதி, தசை ஆராய்ச்சியிலே புரட்சி நிகழ்ந்துவிட்டது என உலகுக்கு அறிவித்தார். தம் அளவைகளையும் கைவிட்டாரல்லர். 1938 இல், தசை சுருங்கும் வேகத்துக்கும் அது தாங்கும் சுமைக்கும் உள்ள உறவை ஒரு சமன்பாட்டிலே அடக்கினார். இன்றும் அது ஹில் சமன்பாடு என்றே வழங்குகின்றது. கொள்கை மாறலாம், நேர்மையாக அளந்த அளவை நிலைத்து நிற்கும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

அறிவுலகுக்கு அப்பாலும் அவர் பணி விரிந்தது. 1933 இல் ஹிட்லரின் ஆட்சி யூத அறிஞர்களைப் பதவிகளிலிருந்து வெளியேற்றியபோது, அவர்களுக்குப் புகலிடமும் தொழிலும் தேடிக் கொடுக்கும் கழகத்தை நிறுவியவருள் ஹில்லும் ஒருவர். அவ்வாறு அவருடைய ஆய்வுகூடத்துக்கு 1935 இல் வந்து சேர்ந்த இளைஞர் பேர்ணாட் கட்ஸ், 1970 இல் தாமும் நோபெல் பரிசு பெற்றார். 1940 முதல் 1945 வரை கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்தின் பிரதிநிதியாகப் பாராளுமன்றத்திலும் ஹில் அமர்ந்தார். 1943 நவம்பர் முதல் 1944 ஏப்பிரல் வரை இந்தியாவிலே தங்கி, அந்நாட்டின் விஞ்ஞான ஆராய்ச்சி எவ்வாறு அமைதல் வேண்டும் என்பதை ஆராய்ந்து அறிக்கை சமர்ப்பித்தார். வங்கப் பஞ்சம் பல இலட்சம் உயிரைக் கொண்ட காலம் அது. உணவு, உடல்நலம், மக்கட்பெருக்கம் ஆகியவற்றை ஒன்றோடொன்று இணைத்தே நோக்குதல் வேண்டும் என அவர் வற்புறுத்தினார். இந்தியா முழுவதற்கும் பொதுவான பெரும் மருத்துவ நிலையம் ஒன்று வேண்டும் எனவும் பரிந்துரைத்தார். போர் ஆணைக்குழுவும் அதனை விதந்துரைக்க, 1956 இல் புதுடில்லியிலே அகில இந்திய மருத்துவ விஞ்ஞான நிறுவகம் உதயமாயிற்று.

1913 இல் அவர் மணந்த மார்கரெற் அம்மையார், பொருளியல் மேதை கெயின்சின் சகோதரி. நன்மக்கள் நால்வர் பிறந்தனர். 1948 இல் றோயல் சங்கத்தின் கொப்லிப் பதக்கம் அவருக்குக் கிடைத்தது. பேராசிரியப் பதவியிலிருந்து ஓய்வு பெற்ற பின்னும் பல்லாண்டு ஆய்வுகூடத்தை விட்டு நீங்கினாரல்லர். 1977 ஆம் ஆண்டு யூன் மாதம் 3 ஆம் நாள், தொண்ணூறு வயது நிறைந்தவராய்க் கேம்பிறிட்ஜிலே காலமானார்.

அவர் நட்ட வித்து அவருக்குப் பின்னும் தழைத்தது. 1964 இல் வாசர்மன், மக்கில்றோய் என்னும் இருவர், காற்றின்றிய சுவாச வரம்பு என்னும் கருத்தை வகுத்தனர். அது பிறந்த இடம் விளையாட்டுத் திடலன்று. இதய நோயாளரின் தாங்கும் வலிமையை அறிதற்கே முதலில் அது பயன்பட்டது. உழைப்பு ஓர் அளவைக் கடக்கும்போது இரத்தத்தில் இலற்றிக்கமிலம் நீங்குவதிலும் விரைவாகச் சேர்கின்றது. மூச்சும் திடீரென மிகுகின்றது. அவ்வளவே வரம்பு. ஓய்வில் ஓர் இலீற்றர் இரத்தத்தில் ஏறத்தாழ 1 மில்லிமோலாக உள்ள அது, 4 மில்லிமோலை எட்டும் வேகத்தை வரம்பெனக் கொள்ளும் வழக்கம் 1976 இல் ஜேர்மனியிலே தோன்றியது. எனினும் வரம்பு ஆளுக்கு ஆள் வேறுபடும் என்பதைப் பின்வந்தோர் கண்டனர். இலற்றிக்கமிலம் வெறுங் கழிவன்று, இதயமும் பிற தசைகளும் எரித்துப் பயன்கொள்ளும் எரிபொருளே என்பதையும், ஓட்டத்தின் பின்னர் வாங்கும் மூச்சு முழுவதும் அவ்வமிலத்தின் பொருட்டன்று என்பதையும் பிற்கால ஆராய்ச்சி தெளிவாக்கியது. எனவே காற்று அற்றுப்போதலால் வரம்பு தோன்றுகின்றது என்னும் பழைய விளக்கம் இன்று தளர்ந்துவிட்டது. ஆயின், வரம்பு என ஒன்று உண்டு, அதனைப் பயிற்சியால் உயர்த்தலாம் என்பன நிலைபெற்ற உண்மைகளேயாம்.

இவ்வரம்பு எம் மாணவர்க்கு ஏன் முக்கியமானது? பயிற்சி பெற்ற வீரர் 800 மீற்றர் ஓடும்போது வேண்டும் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றிலிரண்டு பங்கும், 1500 மீற்றரில் ஐந்தில் நான்கு பங்கும் மூச்சின் வழியே கிடைப்பதாகக் கணித்துள்ளனர். ஆதலின் வரம்பை உயர்த்தியவன் அதே வேகத்திற் குறைந்த கடனோடு ஓடுவான். இறுதிச் சுற்றுக்குச் செல்வம் சேமித்து வைப்பான்.

இரத்தத்தை ஆராயும் கருவி எம் போன்ற பாடசாலைகளில் இல்லை. அதனால் மனம் தளர வேண்டியதில்லை. இரண்டு எளிய வழிகள் உள. ஒன்று பேச்சு. ஓடும் மாணவன் அருகிலுள்ளவனோடு முழு வாக்கியமாகப் பேச இயலுமாயின் அவன் வரம்புக்குக் கீழே உள்ளான். இரண்டொரு சொல்லுக்கு மேல் பேச இயலாது திணறுவானாயின் வரம்பைக் கடந்துவிட்டான். இரண்டுக்கும் இடைப்பட்ட நிலையே வரம்பு. மற்றையது அரைமணி ஓட்டம். முன்பே சில வாரம் பழகிய மூத்த மாணவன், சமவேகத்தில் முப்பது நிமிடம் தன்னால் இயன்ற தூரத்தை ஓடுதல் வேண்டும். வரம்பை மிகவும் மீறியவன் அத்துணை நேரம் தாங்க மாட்டான் ஆதலின், அவனது சராசரி வேகம் வரம்பு வேகத்தை அண்மித்ததாகவே இருக்கும்.

உதாரணமாக, 200 மீற்றர்ப் பாதையை ஒருவன் அரைமணியில் 30 முறை சுற்றினான் என்க. அவன் ஓடியது 6,000 மீற்றர். நிமிடத்துக்கு 200 மீற்றர். ஒரு சுற்றுக்கு ஒரு நிமிடம். வாரத்தில் ஒருநாள் அவ்வேகத்தை ஒட்டி இருபது நிமிடமும், ஏனைய நாள்களிற் பேசிக்கொண்டு ஓடத்தக்க மென்வேகத்திலும் பழகுவானாயின், சில மாதங்களின் பின் அவன் 32 சுற்று ஓடக்கூடும். அப்பொழுது சுற்றுக்கு ஏறத்தாழ 56 விநாடியாகும். நிறுத்தற் கடிகாரமும், ஒரு கொப்பியும், நேர்மையாகக் குறிக்கும் நண்பனும் இதற்குப் போதும். இது மதிப்பீடேயன்றி நுண்ணிய அளவீடன்று என்பதையும் மறத்தலாகாது. வெயிலும், ஈரத் தரையும், பசியும், முன்னாள் உழைப்பும் கணக்கைப் பிறழச் செய்யும். ஆதலின் ஒரே திடலில், ஒரே வேளையில் மீண்டும் மீண்டும் செய்து ஒப்புநோக்குதல் நன்று. காய்ச்சலுற்றவனும், ஓடும்போது நெஞ்சுநோவோ மயக்கமோ காண்பவனும் மருத்துவரைக் காணாது ஓடுதல் கூடாது.

ஒருவனை மற்றொருவனோடு மட்டும் ஒப்பிடுவது பந்தயம். ஒருவனை அவனது நேற்றைய நிலையோடு ஒப்பிடுவது கல்வி. அதிகாலையிலே கொழுந்து பறிக்கச் செல்லும் தாய் அனுப்பி வைக்கும் பிள்ளை, பந்தயத்தில் முதலிடம் பெறாமற் போகலாம். ஆயின் இரண்டு சுற்று முன்னேறினான் என அவன் கொப்பி சாட்சி கூறுமாயின், அவனை எவர் சோம்பேறி எனக் கூற வல்லார்? அவனே தன்னை அவ்வாறு எண்ணுதலும் ஒழியும். தாயால் வளர்க்கப்பட்டு, கணிதத்தைத் துணைக்கொண்டு, தம் மூச்சையே அளந்து உலகுக்கு உண்மை உரைத்த ஹில், எம் மாணவர்க்கு விட்டுச்சென்ற செல்வம் இதுவேயாகும்.

பழைய மாணவர்களே! வாழ்வில் உயர்ந்து நிற்கும் நீங்கள் கல்லூரிக்கு விளையாட்டுப் பொருள்களை நல்கும்போது, வெற்றிக் கிண்ணங்களோடு சில நிறுத்தற் கடிகாரங்களையும் நல்குவீர்களாக. மாணவச் செல்வங்களே! முதற் சுற்றிலே கடன் வாங்காதிருப்பீர்களாக. அளந்து ஓடுங்கள், அளந்ததை மறைக்காது எழுதுங்கள், பிழையெனக் கண்டால் ஹில்லைப் போலத் துணிந்து திருத்துங்கள். எமது கல்லூரித் தாய் நீடு வாழ்க!